ஸ்கூட்டாரி இராணுவ வைத்தியசாலை: போர்வீரரும் அவர்தம் குடும்பத்தினரும்

மாணவர்களே, ஆண்டுதோறும் மே மாதம் 12ஆம் திகதி சர்வதேச தாதியர் தினமாகக் கொண்டாடப்படுவதை நீங்கள் அறிவீர்கள். அது புளோரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1820இல் பிறந்த நாளாகும். "கைவிளக்கேந்திய சீமாட்டி" என்று அவரைப் பற்றிக் கீழ் வகுப்புகளிலேயே படித்திருப்பீர்கள். இரவில் விளக்குடன் நோயாளரிடையே நடந்து செல்லும் அவரது படத்தையும் பார்த்திருப்பீர்கள். ஆனால் அவர் நடந்து சென்ற அந்த மண்டபம் எது, அங்கு கிடந்தவர்கள் எதனால் இறந்தார்கள், அவர்களுடைய மனைவி பிள்ளைகள் எங்கே இருந்தார்கள் என்று கேட்டால் நம்மிற் பலர் விடை தெரியாது நிற்போம். இராணுவ வைத்தியசாலை என்பதன் பணி யாது என்பதை விளங்கிக்கொள்ள இவ்வொரு வைத்தியசாலையின் வரலாறே போதுமானது. எனவே அதனைச் சற்று விரிவாக நோக்குவோம்.

யுத்தமும் வைத்தியசாலையும்

கிரிமியா யுத்தம் 1853 முதல் 1856 வரை நடைபெற்றது. ஒருபுறம் ரஷ்யா, மறுபுறம் துருக்கி. துருக்கிக்கு ஆதரவாகப் பிரித்தானியாவும் பிரான்சும் 1854 மார்ச்சில் போரில் இறங்கின. பின்னர் சார்டீனியாவும் சேர்ந்துகொண்டது. கருங்கடலின் வடகரையிலுள்ள கிரிமியாத் தீபகற்பத்தில், செவஸ்தபோல் கடற்படைத் தளத்தைக் கைப்பற்றுவதே நேச நாடுகளின் நோக்கமாயிருந்தது. 1854 செப்டெம்பர் 20இல் அல்மா, ஒக்டோபர் 25இல் பலக்லாவா, நவம்பர் 5இல் இன்கர்மன் என அடுத்தடுத்துச் சமர்கள் நிகழ்ந்தன.

பிரித்தானியப் படையின் பிரதான வைத்தியசாலை போர்க்களத்துக்கு அருகில் இருக்கவில்லை. அது கருங்கடலுக்கு அப்பால், ஏறத்தாழ 500 கிலோமீற்றர் தொலைவில், கொன்ஸ்தாந்திநோபிள் நகருக்கு எதிரே பொஸ்பரஸ் நீரிணையின் ஆசியக் கரையிலுள்ள ஸ்கூட்டாரியில் இருந்தது. அந்நகர் இன்று இஸ்தான்புல் எனவும், ஸ்கூட்டாரி உஸ்குதார் எனவும் வழங்கப்படும். காயமுற்றவரும் நோயுற்றவரும் பலக்லாவாத் துறைமுகத்துக்குக் கொண்டுவரப்பட்டு, அங்கிருந்து நெரிசலான கப்பல்களில் ஏற்றப்பட்டனர். பலர் கடலிலேயே இறந்தனர்.

ஸ்கூட்டாரியில் துருக்கி அரசு வழங்கிய செலிமியே படைமுகாமே வைத்தியசாலையாக மாற்றப்பட்டது. நடுவே முற்றமும் நாற்புறமும் மாடிகளும் கொண்ட மிகப் பெரிய கட்டடம் அது. வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கம்பீரமாகத் தோன்றும். ஆயின் அது படைவீரர் தங்குவதற்கெனக் கட்டப்பட்டதேயன்றி நோயாளருக்கென அல்ல. அதன் அடித்தளத்தின் கீழே அடைபட்ட கழிவு வாய்க்கால்கள் இருந்தன. மலசலகூடக் குழாய்கள் அடைபட்டமையால், நோயாளர் கிடந்த மண்டபங்களிலேயே பெரிய மரத்தொட்டிகள் வைக்கப்பட்டன. யன்னல்கள் போதியளவு திறக்கப்படவில்லை. கட்டில் கிடைக்காதோர் நடைபாதைகளில் வைக்கோல் மெத்தைகளிற் கிடத்தப்பட்டனர்.

விதிமுறைகள் செய்த கேடு

இங்கே நீங்கள் சிறப்பாகக் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஸ்கூட்டாரியின் அவலத்துக்கு வைத்தியர்களின் அலட்சியமே காரணம் எனப் பலர் எழுதுவர். அது முழு உண்மையன்று. வைத்தியர்கள் எண்ணிக்கையிற் குறைவாயிருந்தபோதும் இரவு பகலாக உழைத்தனர். பெருங்குறை நிருவாகத்தில் இருந்தது. மருந்து ஒரு திணைக்களத்திடம், உணவுப் பொருள் இன்னொரு திணைக்களத்திடம், கட்டிலும் பாத்திரமும் மூன்றாவது ஓர் அதிகாரியிடம் என்று பொறுப்புக்கள் பிரிந்து கிடந்தன. ஒருவர் கையொப்பமிடாது மற்றவர் பொருளை வெளியே விடமாட்டார்.

ஓர் உதாரணம். வைத்தியசாலைக்கு வரும் வீரன் தனது முதுகுப் பையில் மாற்றுச் சட்டை, கரண்டி, முள்ளுக்கரண்டி என்பவற்றைக் கொண்டுவருவான் என்பது விதி. ஆகவே வைத்தியசாலை அவற்றை வழங்கத் தேவையில்லை. ஆனால் கிரிமியாவில் தரையிறங்கியபோது முதுகுப் பைகளை விட்டுச் செல்லுமாறு வீரர்கள் பணிக்கப்பட்டிருந்தனர். ஆகவே நோயுற்று ஸ்கூட்டாரிக்கு வந்தவனிடம் உடுத்திருந்த அழுக்குச் சீருடையைத் தவிர வேறொன்றும் இல்லை. விதியின்படி அவனிடம் சட்டை உண்டு, உண்மையில் இல்லை. விதி எழுதப்பட்ட தாளுக்கும் நோயாளி கிடந்த பாய்க்கும் இடையே இருந்த இந்த இடைவெளியிலேதான் பலர் மடிந்தனர்.

உணவும் அப்படியே. இறைச்சி எலும்போடு சேர்த்து நிறுக்கப்பட்டு, பெரிய செப்புக் கொப்பரைகளில் ஒன்றாக வேகவைக்கப்பட்டது. ஒருவனுக்கு நல்ல தசைத்துண்டு கிடைக்கும். பக்கத்துக் கட்டிலில் உள்ளவனுக்கு வெறும் எலும்பே கிடைக்கும். வயிற்றுளைவால் வாடும் ஒருவன் அதனை எவ்வாறு உண்பான்?

நைட்டிங்கேல் வருகை

இந்நிலைமை பிரித்தானிய மக்களுக்குத் தெரியவந்தது பத்திரிகை மூலமாகும். 'த டைம்ஸ்' பத்திரிகையின் போர்முனைச் செய்தியாளராக வில்லியம் ஹவார்ட் றசல் அனுப்பிய செய்திகளும், ஸ்கூட்டாரியிலிருந்து அப்பத்திரிகைக்கு வந்த செய்திகளும் மக்களின் சீற்றத்தைக் கிளப்பின. தந்தியும் நீராவிக் கப்பலும் வந்துவிட்ட காலம் அது. முன்னைய யுத்தங்களில் மாதக்கணக்கிற் பிந்திய செய்தி இப்போது விரைவாக வீடு வந்து சேர்ந்தது. அரசாங்கம் வாளாவிருக்க முடியவில்லை. போர்ச் செயலாளராயிருந்த சிட்னி ஹேர்பேட், தமக்கு அறிமுகமான நைட்டிங்கேலைத் தாதியர் குழுவொன்றுடன் செல்லுமாறு வேண்டினார். 38 பெண்களுடன் 1854 ஒக்டோபர் 21இல் புறப்பட்ட அவர் நவம்பர் 4ஆம் திகதி ஸ்கூட்டாரியை அடைந்தார். மறுநாள் இன்கர்மன் சமர் நிகழ்ந்தது. காயப்பட்டோர் கூட்டங் கூட்டமாக வந்து சேரலாயினர்.

இராணுவ வைத்தியர்கள் முதலில் அவரை விரும்பவில்லை. பெண்கள் இராணுவ வைத்தியசாலையிற் பணிபுரிவது அவர்களுக்குப் புதிது. நைட்டிங்கேல் அவசரப்படவில்லை. வைத்தியர்கள் அழைக்கும்வரை தம் தாதியரை நோயாளர் மண்டபங்களுக்குள் விடாது காத்திருந்தார். நோயாளர் வெள்ளம் பெருகியபோது அழைப்புத் தானாக வந்தது.

அவர் முதலிற் செய்த காரியங்கள் எவை? தரையைத் தேய்த்துக் கழுவத் தூரிகைகளும் சாக்குத் துணிகளும் வாங்கினார். நோயாளருக்கெனத் தனிச் சமையலறைகள் அமைத்துக் கஞ்சி, சூப், பாற்கூழ் போன்ற மென்னுணவுகளைத் தயாரிப்பித்தார். 'த டைம்ஸ்' வாசகர்கள் திரட்டிய நிதியிலிருந்தும் தமது சொந்தப் பணத்திலிருந்தும் சட்டைகள், போர்வைகள், பாத்திரங்கள் வாங்கினார். ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்துக் கொதிகலன்கள் பொருத்தி, சலவைச்சாலை ஒன்றை ஏற்படுத்தினார். வெந்நீரிலே துணி வெளுக்கப்பட்டது. இவற்றுள் மருந்து என்று சொல்லத்தக்கது எதுவுமில்லை என்பதைக் கவனியுங்கள்.

1855இல் அலெக்சிஸ் சோயர் என்னும் பெயர்பெற்ற சமையற்கலைஞர் தாமாக முன்வந்து ஸ்கூட்டாரிக்கு வந்தார். எலும்பை நீக்கி இறைச்சி வழங்கவும், குறைந்த விறகில் பலருக்குச் சமைக்கவும் வழி செய்தார். அவர் அமைத்த அடுப்பின் வழிவந்த அடுப்புகள் 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை பிரித்தானிய இராணுவத்திற் பயன்பட்டன. யுத்தத்தால் நிலைத்த புகழ் பெற்ற சமையற்காரர் உலகிலே அதிகம் பேர் இரார்.

இறப்புக் குறைந்தது எப்போது?

பரீட்சையில் மாணவர் பெரிதும் தவறிழைக்கும் இடம் இதுவே. "நைட்டிங்கேல் வந்தார், இறப்புக் குறைந்தது" என்று ஒரே வரியில் எழுதிவிடுவர். ஆனால் திகதிகளை வரிசையாக வைத்துப் பாருங்கள்.

அவர் வந்தது 1854 நவம்பர். அதன் பின்னர் இறப்புக் குறையவில்லை; கூடியது. டிசெம்பரிற் கூடியது, ஜனவரியிலும் கூடியது. 1855 பெப்ரவரியில் ஸ்கூட்டாரியில் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 42 பேருக்கு மேல் இறந்தனர். தூய துணியும் நல்ல உணவும் அன்பான பராமரிப்பும் இருந்தும் இந்நிலை. காரணம் யாது? கட்டடத்தின் கீழிருந்த கழிவு அப்படியே கிடந்தது. குடிநீர் மாசுற்றிருந்தது. காற்றோட்டம் இல்லை. பனிக்குளிரிலும் பட்டினியிலும் நலிந்து வந்த வீரர்கள் மேலும் மேலும் உள்ளே திணிக்கப்பட்டனர். வாந்திபேதி, வயிற்றுளைவு, நெருப்புக்காய்ச்சல், தைபசுக் காய்ச்சல் என்பன ஒருவரிலிருந்து ஒருவருக்குத் தொற்றின. துப்பாக்கிக் காயத்துக்காக வந்தவன் பக்கத்துப் படுக்கைக்காரனின் நோயால் இறந்தான்.

1855 மார்ச்சில் அரசாங்கம் அனுப்பிய சுகாதார ஆணைக்குழு ஸ்கூட்டாரியை அடைந்தது. வைத்தியர் ஜோன் சதர்லாண்ட், வைத்தியர் ஹெக்டர் கவின், பொறியியலாளர் றொபேட் றோலின்சன் ஆகியோர் அதன் உறுப்பினர். முதல் இரண்டு கிழமைகளிலேயே 500க்கு மேற்பட்ட கைவண்டிக் குப்பை அகற்றப்பட்டது. செத்த விலங்குகள் புதைக்கப்பட்டன. கழிவு வாய்க்கால்கள் நீரடித்துச் சுத்தஞ் செய்யப்பட்டன. சுவர்களுக்குச் சுண்ணாம்பு பூசப்பட்டது. காற்று வர வழி திறக்கப்பட்டது. நீர் வழங்கும் பாதையிலே இறந்த குதிரையின் உடல் கிடந்ததாகவும் கண்டறியப்பட்டது. நோயாளர் பருகிய நீர் அதனூடாகவே வந்துகொண்டிருந்தது. படுக்கைகளுக்கிடையே இடைவெளி விடப்பட்டது. 1855 ஜூன் ஆகும்போது இறப்பு வீதம் நூற்றுக்கு 2 என்ற அளவுக்கு வீழ்ந்தது.

வசந்தகாலம் வந்ததும், வரும் நோயாளர் தொகை குறைந்ததும், கப்பற் போக்குவரத்துச் சீரானதும் இதற்குத் துணைபுரிந்தன. எனவே எல்லாப் பெருமையையும் ஆணைக்குழுவுக்கே கொடுப்பதும் பொருந்தாது. ஆயினும் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சான்று உண்டு. முதற் குளிர்காலத்தில் பிரெஞ்சுப் படையின் வைத்திய ஏற்பாடுகள் பிரித்தானியரினதைவிட மேலானவை எனப் பாராட்டப்பட்டன. ஆனால் அவர்கள் தமது வைத்தியசாலைகளிலும் முகாம்களிலும் இத்தகைய சுகாதாரச் சீர்திருத்தங்களைச் செய்யவில்லை. 1855-56ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் பிரித்தானியர் நலமாயிருக்க, பிரெஞ்சுப் படையினரிடையே தைபசுக் காய்ச்சல் பரவிப் பல்லாயிரவர் இறந்தனர். அதே நாடு, அதே குளிர், அதே யுத்தம்.

கிருமிகளே தொற்றுநோய்க்குக் காரணம் என்பது அப்போது நிறுவப்படவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். பாஸ்டரின் ஆய்வுகளும் கொக்கின் ஆய்வுகளும் பின்னரே வந்தன. கெட்ட காற்றினால் நோய் உண்டாகின்றது என்றே நைட்டிங்கேலும் ஆணைக்குழுவினரும் நம்பினர். விளக்கம் பிழை, ஆனால் நாற்றத்தின் மூலத்தைத் தேடிச் சென்று அகற்றியபோது கிருமியின் மூலமும் அகன்றது.

எண்கள் பேசியவை

யுத்தம் 1856 மார்ச் 30இல் பரிஸ் உடன்படிக்கையுடன் முடிந்தது. பிரித்தானியப் படையின் இறப்புக் கணக்கைப் பாருங்கள். போர்க்களத்தில் கொல்லப்பட்டோர் 2,755 பேர். காயங்களால் பின்னர் இறந்தோர் 2,019 பேர். நோயால் இறந்தோர் 16,323 பேர். மொத்தம் 21,097. நோயால் இறந்தோரின் சதவீதத்தை நீங்களே கணித்துப் பாருங்கள். ஏறத்தாழ 77 வரும். எதிரியின் குண்டைவிடத் தம் பக்கத்துக் கழிவு வாய்க்காலே வீரருக்குப் பெரிய எதிரியாயிற்று.

நாடு திரும்பிய நைட்டிங்கேல் புள்ளிவிபர அறிஞர் வில்லியம் பாரின் துணையுடன் இவ்வெண்களை மாதவாரியாக ஆராய்ந்தார். போர்க்காலத்தில் உணவுக் குறைவையும் பொருட் குறைவையும் பெரிதாக வலியுறுத்தியவர், இப்போது சுகாதாரச் சீர்கேடே முதற் காரணம் என்ற முடிவில் உறுதிகொண்டார். தம்முடைய சொந்த வைத்தியசாலையில் நிகழ்ந்த இறப்புகள் தடுக்கப்பட்டிருக்கக்கூடியவை என்பதையே அவ்வெண்கள் காட்டின. அதனை மறைக்காது, அரச ஆணைக்குழு முன்பாகவும் அச்சிலும் வெளிப்படுத்தியமை அவரது விளக்கைவிடப் பெரிய செயல் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

1858இல் அவர் வெளியிட்ட வரைபு கணிதம் கற்கும் உங்களுக்கு ஆர்வமூட்டும். நீங்கள் கற்கும் வட்ட வரைபில் ஆரை மாறாது. ஆரைச்சிறையின் கோணம் மாறும். அவரது வரைபில் 12 மாதங்களுக்கும் 30 பாகை வீதம் சம கோணங்கள், ஆரையே மாறும். இறப்புத் தொகைக்கு விகிதசமமாக இருப்பது ஆரைச்சிறையின் பரப்பளவாகும். பரப்பளவு ஆரையின் வர்க்கத்துக்கு விகிதசமமாகையால், ஒரு மாத இறப்பு மற்றொரு மாதத்தைப் போல் நான்கு மடங்காயின் ஆரை இரு மடங்காகவே இருக்கும். தடுக்கக்கூடிய நோய்களால் நிகழ்ந்த இறப்பு நீல நிறத்திலும், காயங்களால் நிகழ்ந்தது சிவப்பிலும், ஏனையவை கறுப்பிலும் காட்டப்பட்டன. அட்டவணை வாசிக்கப் பொறுமையற்ற அமைச்சரும் பக்கத்தை விரித்தவுடனே நீலம் எவ்வளவு பெரிது என்பதைக் கண்டுகொள்வார். அதே ஆண்டில் இலண்டன் புள்ளிவிபரச் சங்கம் அவரைத் தன் முதற் பெண் உறுப்பினராகத் தெரிந்தெடுத்தது.

குடும்பங்களின் நிலை

இனி, பெரும்பாலான நூல்கள் ஒரு வரியுடன் கடந்து செல்லும் பகுதிக்கு வருவோம்.

அக்காலப் பிரித்தானிய இராணுவத்தில் சாதாரண வீரன் ஒருவன் மணம் செய்யக் கட்டளை அதிகாரியின் அனுமதி வேண்டும். நூறு வீரருக்கு ஏறத்தாழ 6 மனைவியரே படையணியின் பதிவில் ஏற்றுக்கொள்ளப்பட்டனர். படை கடல்கடந்து செல்லும்போது எந்த மனைவி உடன் செல்வது, எவள் பின்தங்குவது என்பது திருவுளச் சீட்டு மூலம் தீர்மானிக்கப்படும். பின்தங்கியவளுக்கு அரசின் நிரந்தர உதவி எதுவும் இல்லை. அனுமதியின்றி மணந்தவளை இராணுவம் மனைவியாகவே கருதுவதில்லை.

உடன் சென்ற பெண்களின் கதி என்ன? படை கிரிமியாவுக்குச் சென்றபோது அவர்களிற் பலர் ஸ்கூட்டாரியிலேயே விடப்பட்டனர். வைத்தியசாலைக் கட்டடத்தின் நிலவறைகளில், ஒளியும் காற்றும் இல்லாத இருட்டிலே, கந்தைத் துணிகளைத் திரையாகக் கட்டிக்கொண்டு அவர்கள் வாழ்ந்தனர். குழந்தைகள் அங்கேயே பிறந்தன. கணவன் இறந்துவிட்டால் அவளுக்குப் படையணியுடன் இருந்த தொடர்பும் அற்றுப்போகும். ஊர் திரும்பக் கையிற் பணமும் இராது. கழிவுக் குழாய் உடைந்து நிலவறையிற் காய்ச்சல் பரவியபோது நைட்டிங்கேல் பெண்களை ஒரு வீட்டுக்கு மாற்றினார்.

1854 டிசெம்பரில் அலிசியா பிளாக்வூட் சீமாட்டி என்பவர் தம் கணவருடன் ஸ்கூட்டாரிக்கு வந்து, எந்த வேலையாயினும் தருமாறு நைட்டிங்கேலிடம் கேட்டார். நிலவறையிலுள்ள 200க்கு மேற்பட்ட பெண்களையும் குழந்தைகளையும் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் அவர்களுக்கு உடையும் உணவும் கிடைக்கச் செய்தார். பிரசவத்துக்கும் நோய்க்குமெனப் பெண்களுக்குத் தனியானதொரு சிறு வைத்தியசாலையை நடத்தினார். வைத்தியசாலைச் சலவைச்சாலையில் வீரர்களின் மனைவியருக்கு வேலை வழங்கப்பட்டது. இதனால் நோயாளருக்குத் தூய துணி கிடைத்தது. பெண்களுக்குக் கூலி கிடைத்தது. அவர் தமது அனுபவங்களை 1881இல் நூலாக வெளியிட்டார். நிலவறைப் பெண்களின் நிலை பற்றி நாம் இன்று அறிந்தவற்றுட் பல அந்நூல் வழி வந்தவையே.

குடும்பம் தொலைவில் இருந்தாலும் வைத்தியசாலையின் செயல் அதனைத் தொட்டது. ஒரு சாதாரண வீரனின் நாட்கூலி ஒரு சிலிங், அதாவது 12 பென்ஸ். அவன் வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டால் அதிலிருந்து ஒரு தொகை கழிக்கப்படும். காயப்பட்டவனுக்கு நாளொன்றுக்கு 4½ பென்ஸ் கழிக்கப்பட, நோயுற்றவனுக்கு 9 பென்ஸ் கழிக்கப்பட்டது! அகழியிலே பனியில் நின்று நோய்கொண்டவனும் அரசனுக்காகவே நோய்கொண்டான் அல்லவா? நைட்டிங்கேல் இதனை விக்டோரியா மகாராணியாரின் கவனத்துக்குக் கொண்டுவந்தார். 1855 பெப்ரவரியில் நோயுற்றவருக்கான கழிவும் 4½ பென்ஸாகக் குறைக்கப்பட்டது. ஒரு மாதம் படுத்த படுக்கையிற் கிடந்தவனின் வீட்டுக்கு அது எவ்வளவு பெரிய வேறுபாடு என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

வீரர்கள் குடித்துச் செலவழிப்பார்களேயன்றி வீட்டுக்குப் பணம் அனுப்ப மாட்டார்கள் என்பது அதிகாரிகளின் துணிபு. அனுப்புவதற்கு வழியே இல்லை என்பதை அவர்கள் எண்ணவில்லை. நைட்டிங்கேல் வாரத்தில் ஒரு நாள் பிற்பகலில் வீரர்களின் பணத்தைப் பெற்று இங்கிலாந்திலுள்ள அவர்களது குடும்பங்களுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார். பின்னர் 1856இல் அரசே பணவிடை அலுவலகங்களைத் திறந்தது. ஆறு மாதத்துக்குள் 71,000 பவுண் வீடுகளுக்குச் சென்றது. வாசிப்பு அறைகளும், மதுவுக்குப் பதிலாகக் கோப்பி அருந்தத்தக்க 'இன்கர்மன்' கோப்பிச்சாலையும் திறக்கப்பட்டன.

கடிதங்களும் முக்கியமானவை. இறந்த வீரனின் கடைசி வார்த்தைகளையும் அவன் விட்டுச்சென்ற சிறு பொருள்களையும் தாய்க்கோ மனைவிக்கோ அனுப்பி, அவன் எவ்வாறு இறந்தான் என்பதை நைட்டிங்கேல் எழுதினார். அதற்கு முன்னர் சாதாரண வீரன் ஒருவனின் இறப்பு வீட்டாருக்குப் பெரும்பாலும் ஒரு பட்டியலில் வரும் பெயர் மட்டுமே. சிலருக்கு அதுவும் வராது.

விதவைகளுக்கும் அநாதைகளுக்குமென 1854 ஒக்டோபரில் தேசப்பற்று நிதியம் ஒன்று அரச ஆணைப்படி உருவாக்கப்பட்டது. பொதுமக்கள் தாராளமாகக் கொடுத்தனர். அந்நிதியினால் தென் இலண்டனில் உள்ள வான்ட்ஸ்வேத்தில் வீரர்களின் அநாதைப் பெண்பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்று அமைந்து 1859இல் திறக்கப்பட்டது. இது அரசின் கடமையாகவன்றி மக்களின் தருமமாகவே அப்போது கருதப்பட்டது என்பதைக் கவனிக்க வேண்டும்.

யுத்தத்தின் பின்னர்

மாற்றங்கள் பல. அவற்றைச் சுருக்கமாகவே கூறலாம். 1855இல் பொறியியலாளர் புறுனெல், முன்கூட்டியே செய்த மரத் துண்டங்களைக் கப்பலில் ஏற்றிச் சென்று பூட்டும் வகையில், தார்தனெல்ஸ் கரையிலுள்ள றென்கியோயில் 1,000 நோயாளருக்கான வைத்தியசாலையை வடிவமைத்தார். தனித்தனி மண்டபங்கள், காற்றோட்டம், வடிகால் எல்லாம் அதில் இருந்தன. ஏறத்தாழ 1,300 பேர் அங்கு சிகிச்சை பெற, இறந்தோர் சுமார் 50 பேர் மட்டுமே. அது திறக்கப்பட்டபோது யுத்தத்தின் கடுமை தணிந்துவிட்டது என்பதையும் சேர்த்தே இத்தொகையை மதிப்பிட வேண்டும்.

இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள நெட்லியில் ஒரு பெரும் இராணுவ வைத்தியசாலைக்கு 1856இல் மகாராணியார் அடிக்கல் நாட்டினார். நீண்ட நடைபாதைகளைக் கொண்ட அதன் அமைப்புப் பிழையானது என நைட்டிங்கேல் கடுமையாக எதிர்த்தார். வேலை தொடங்கிவிட்டது என்று கூறி அரசாங்கம் கேட்கவில்லை. 1863இல் அது திறக்கப்பட்டது. கால் மைல் நீளமுடைய அக்கட்டடம் 1966இல் இடிக்கப்பட்டு, இன்று தேவாலயப் பகுதி மட்டுமே எஞ்சியுள்ளது. அவர் விரும்பியவாறு தனித்தனி மண்டபங்களாக அமைந்தது 1865இல் வூல்விச்சில் திறக்கப்பட்ட ஹேர்பேட் வைத்தியசாலையாகும். இராணுவ வைத்தியக் கல்லூரி 1860இல் தொடங்கப்பட்டது. அதே ஆண்டில் இலண்டன் புனித தோமஸ் வைத்தியசாலையில் நைட்டிங்கேல் தாதியர் பயிற்சிக் கல்லூரியும் ஆரம்பமானது.

குடும்பங்களுக்கான மாற்றம் இவற்றைவிட மெதுவாகவே வந்தது. பெரிய படைத்தளமான ஓல்டர்ஷொட்டில், வீரர்களின் மனைவியருக்கும் பிள்ளைகளுக்குமென லூயிஸ் மார்கரட் வைத்தியசாலை 1898இல் திறக்கப்பட்டது. ஸ்கூட்டாரி நிலவறையில் பிளாக்வூட் சீமாட்டி பணிதொடங்கி 40 ஆண்டுகளுக்கு மேற்சென்ற பின்னரே இது நிகழ்ந்தது. பிரித்தானியாவிலிருந்த தனி இராணுவ வைத்தியசாலைகள் 1990களிலிருந்து ஒவ்வொன்றாக மூடப்பட்டன. காயமுறும் படையினர் பேர்மிங்காமிலுள்ள குயீன் எலிசபெத் பொது வைத்தியசாலைக்கே கொண்டுவரப்படலாயினர். அவ்வைத்தியசாலை வளவிலேயே, நோயாளியைப் பார்க்க வரும் குடும்பத்தினர் கட்டணமின்றித் தங்குவதற்கு 2013இல் ஒரு விடுதி திறக்கப்பட்டது. அமெரிக்காவில் 1990 முதல் இராணுவ வைத்தியசாலைகளுக்கு அருகே கட்டப்பட்டுவந்த 'பிஷர் இல்லங்கள்' அதற்கு முன்மாதிரியாகும்.

பயிற்சி வினாக்கள்

1. ஸ்கூட்டாரியில் 1854 நவம்பருக்கும் 1855 ஜூனுக்கும் இடையே இறப்பு வீதம் எவ்வாறு மாறியது? அம்மாற்றத்துக்கான காரணங்களைக் காலவரிசைப்படி எழுதுக. (ஒரு காரணத்தை மட்டும் எழுதினால் முழுப் புள்ளி கிடைக்காது.)

2. நாட்கூலி 12 பென்ஸ் பெறும் வீரன் ஒருவன் 30 நாள் நோயுற்று வைத்தியசாலையில் இருந்தான். 1855 பெப்ரவரிக்கு முன்னரும் பின்னரும் அவனுக்கு எஞ்சும் தொகையைத் தனித்தனியே கணிக்க.

3. நைட்டிங்கேலின் வரைபில் ஒரு மாதத்தின் ஆரை 2 செ.மீ., இன்னொரு மாதத்தின் ஆரை 6 செ.மீ. எனின், இரண்டாம் மாத இறப்பு முதல் மாத இறப்பின் எத்தனை மடங்கு?

4. ஸ்கூட்டாரியில் இருந்த வீரர்களின் மனைவியர் எதிர்நோக்கிய பிரச்சினைகளுள் மூன்றையும், அவற்றைத் தீர்க்க மேற்கொள்ளப்பட்ட நடவடிக்கைகளையும் குறிப்பிடுக.